அவர் பெயருக்கு வந்த கவர்கள்

மார்ச் 3

வாண்டுவின் அம்மாவுக்கு,

நலம். நீயும் வாண்டும் நலம்தானே? ஃபோனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னேன் அல்லவா? சின்ன அறையில் ஜன்னல்கூட இருக்கிறது. வாண்டுவுக்குத் தனி அறை இருந்தால்தான் சனி, ஞாயிறு என்னிடம் விடுவேன் என்றவள் நீ. அதைத் தப்பு சொல்லவில்லை. எட்டு வயதுப் பெண்ணை இந்த ஒற்றை அறையில், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் படுக்க வைக்க எனக்கும் மனசில்லை. முன்பணம் சேர்த்து, அவளுக்குப் பிடித்த நீலப் பெயிண்ட்டுக்கு விலைகூடக் கேட்டுவிட்டேன். நேற்று வீட்டு ஏஜென்ட் கூப்பிட்டார். "உங்க பேரு பாக்கிக்காரங்க லிஸ்ட்ல வருது சார். வீட்டுக்காரர் யோசிக்கிறார்" என்றார். ஏதோ பத்திரிகைச் சந்தாவாம். ஒன்றரை வருஷமாகக் கட்டவில்லையாம். பில், நினைவூட்டல், கடைசி எச்சரிக்கை எல்லாம் நீ இருக்கும் வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். பிறகு வசூல் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுகிறவள் நீ. வாசலில் வந்து விழுந்த ஏழெட்டுக் கவர் உன் கண்ணில் படவே இல்லையா? லிஃப்டில் மாட்டிக்கொண்டவனுக்குக்கூட உள்ளே ஒரு மணி இருக்கிறது, அடித்தால் என்னைப் போல ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஓடி வருவான்.

இன்னொன்று. ஐந்து மாதமாக வாண்டு ஞாயிற்றுக்கிழமை ஃபோனுக்கு வருவதில்லை. கேட்டால் "குளிக்கிறா" என்கிறாய். ஒரு பிள்ளை எத்தனை முறைதான் குளிக்கும்? நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியவில்லை. வீடு போனதைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வாண்டுவின் அப்பா


மார்ச் 8

வாண்டுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடிக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். அது எதற்குத் தேவைப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கவர்கள் என் கண்ணில் பட்டன. ஒன்றுகூடத் தொலையவில்லை. பீரோவுக்கு மேலே இருக்கும் உங்கள் பழைய டூல் பெட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எதையும் பிரிக்கவில்லை. பிரிக்கக் கூடாது என்று சொன்னது நீங்கள்தான். "இனிமே என் பேரு போட்ட எதையும் நீ தொடாதே. செத்தாலும் தொடாதே." மறந்துபோயிற்றா?

உங்கள் கம்பெனி அனுப்பிய சஸ்பென்ஷன் கடிதத்தை நான் பிரித்தது தப்புதான். உங்களிடம் கேட்பதற்கு முன்னால் என் அக்காவிடம் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அக்கா வாயால் அதைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. ஆனால் கோபம் ஆறட்டும் என்று இரண்டு வாரம் அக்கா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால், அலமாரியில் உங்கள் பக்கம் காலி. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சரி, மனுஷன் போய்விட்டார், அவர் கடைசியாகச் சொன்னதையாவது காப்பாற்றுவோம் என்று இருந்துவிட்டேன். ரோஷம் உங்களுக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா?

வாண்டுவிடம் நான் எதுவுமே சொன்னதில்லை. உங்கள் ஃபோன் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். "அப்பாகிட்ட பேசுடி" என்றால் "மாட்டேன்" என்று ஒரே வார்த்தை. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் அவளை அத்தனை முறை குளிப்பாட்டினேன்.

வாண்டுவின் அம்மா


மார்ச் 12

வாண்டுவின் அம்மாவுக்கு,

நான்தான் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னால், அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் பூட்டி வைப்பாயா?

எந்தப் பத்திரிகை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நேற்றுதான் ஞாபகம் வந்தது. வாண்டுவின் ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் படிவம் எழுதி அனுப்பினேன். நடுப்பக்கத்தில் வெட்டி ஒட்டுகிற பொம்மை இருக்கும். பணம் பிறகு கட்டலாம் என்று போட்டிருந்தது. அடுத்த வாரமே சஸ்பென்ஷன், அப்புறம் நம் சண்டை. சுத்தமாக மறந்துவிட்டேன். ஆக, தப்பு என் மேல்தான்.

ஏஜென்ட் இருபதாம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறார். பாக்கி தீர்ந்தது என்று ஒரு சீட்டு போதுமாம். பெட்டியைத் திற. எல்லாவற்றையும் பிரித்துப் பார்.

துண்டுச் சீட்டுகூட இல்லை என்கிறாய். நீ அக்கா வீட்டில் இருந்தபோது உனக்கு எழுதினேனே? பத்து நாள் காத்திருந்தேன், பதில் இல்லை. முடிந்த கதை, விடு.

வாண்டுவின் அப்பா


மார்ச் 16

வாண்டுவின் அப்பாவுக்கு,

பெட்டியை இறக்கித் தரையில் கொட்டி, கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். மொத்தம் எட்டு பில். முதலாவதில் "அன்பு வாசகரே" என்கிறார்கள். ஐந்தாவதில் வெறும் "ஐயா". எட்டாவதில் அதுவும் இல்லை, ஒரு எண்தான். முழுப் பாக்கியையும் கட்டிவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது, உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நான் பிரித்துக்கொண்டிருந்தபோது வாண்டு வந்து நின்றாள். பில்லில் இருந்த சின்னத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டு வந்தாள். அந்தப் பத்திரிகை மாதா மாதம் வந்தது எனக்குத் தெரியும். கண்ணாடிக் காகித உறையில் உள்ளே படம் தெரியும், அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவேன், அவளே பிரிப்பாள். உறை மேல் ஒட்டியிருந்த உங்கள் பெயர்ச் சீட்டை அவள் ஒவ்வொரு மாதமும் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

"இதெல்லாம் அப்பா எனக்கு போஸ்ட் பண்ணது. பன்னெண்டு. அப்புறம் அப்பா நிறுத்திட்டாரு. அதான் நானும் நிறுத்திட்டேன்" என்றாள்.

பணம் வராததால் அவர்கள் நிறுத்தியதை, நீங்கள் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு ஐந்து மாதம் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறாள். மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் கவர்களைப் பிரிக்காமல் வைத்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

எனக்கு எழுதியதாகச் சொல்கிறீர்கள். சத்தியமாக ஒன்றும் வரவில்லை. அக்காவையும் கேட்டுவிட்டேன். பெட்டியில் இன்னும் ஒரே ஒரு கவர் மிச்சம். பழுப்புக் கவர், தபால் அலுவலக முத்திரை, உங்கள் பெயர். பில் மாதிரி இல்லை. பிரிக்கட்டுமா? இதை மட்டும் உங்களைக் கேட்டுவிட்டுப் பிரிக்கலாம் என்று தோன்றியது.

வாண்டுவின் அம்மா


மார்ச் 21

வாண்டுவின் அம்மாவுக்கு,

ரசீது பத்தொன்பதாம் தேதி கிடைத்தது. வேலை உடுப்போடு ஓடினேன். முந்தின நாள்தான் அந்த வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். நேரம் கொடுத்தது ஏஜென்ட், வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. பணம் கட்டினாலும் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் நீங்க ஆறு மாதம் ஆகுமாம். அதுவரை வேறு வீடும் கிடைக்காது. ஏஜென்ட் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறாளா? மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து அழுதேன். அங்கே மோட்டார் சத்தத்தில் எதுவும் வெளியே கேட்காது. உன்மேல் பழி போட்டேன், மன்னித்துவிடு.

அந்தக் கவர் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் பிரி. அந்தச் சட்டம் இன்றோடு ரத்து.

வாண்டுவின் அப்பா


மார்ச் 25

லிஃப்ட்காரருக்கு,

பிரித்தேன். உள்ளே இன்னொரு கவர் இருந்தது. அதில் உங்கள் கையெழுத்து, என் பெயர், அக்காவின் பழைய முகவரி. நீங்கள் எழுதியதற்கு மூன்று மாதம் முன்பே அக்கா குடிமாறிவிட்டாள். அவள் பேச்சையே எடுக்காதவருக்கு அது எப்படித் தெரியும்? முகவரியில் ஆள் இல்லை என்று தபால் அலுவலகத்தில் வேறு கவரில் போட்டு, அனுப்பியவருக்கே திருப்பியிருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் பெயர் போட்டிருந்ததால் நான் அதையும் பெட்டியில் போட்டு மூடினேன்.

"கண்ணாடி" என்று ஆரம்பித்திருந்தீர்கள். நீங்கள் வைத்த அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டு நாளாகிவிட்டது. "அன்றைக்குச் சொன்னது தப்பு. இனி என் பெயருக்கு எது வந்தாலும் நீயே பிரித்துப் படி. பத்து நாளில் ஒரு வரி எழுது, வந்து கூட்டிப் போகிறேன். எழுதாவிட்டால் நான் போய்விடுகிறேன், நீ திரும்பும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது."

பிரித்துப் படி என்று எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் பதினாறு மாதம் பீரோ மேல் வைத்திருந்திருக்கிறேன். யாரிடம் போய் இதைச் சொல்வது?

அன்றைக்குக் கிடைத்திருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். இன்றைக்கு அப்படிச் சொன்னால் பொய். தனியாக முடிவெடுக்கப் பழகிவிட்டேன், அது பிடித்தும் போய்விட்டது. கோபம் மட்டும் இல்லை.

தனி அறையெல்லாம் வேண்டாம். சனிக்கிழமை வாண்டுவைக் கொண்டு வந்து விடுகிறேன். கட்டில் அவளுக்கு, தரை உங்களுக்கு. சந்தாவைப் புதுப்பித்து, பணத்தையும் முதலிலேயே கட்டிவிட்டேன். உங்கள் பெயருக்கு, உங்கள் அறைக்கு வரும். அவள் வரும்வரை பிரிக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை இன்னும் எழுதவில்லை. எனக்கும் பத்து நாள் கொடுங்கள்.

கண்ணாடி