மல்லி ஆகாதவர்

ஜூன் 4

என் மோப்பக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மனைவிக்குப் பல்வலி தேவலையா? கிராம்பு எண்ணெய் மரத்துப்போகத்தான் வைக்கும், சொத்தையைச் சரிசெய்யாது. இதை உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். டாக்டரிடம் கூட்டிப் போ.

உன் மாமா திரும்பி வந்ததைப் போனில் சொல்லி அழுதேன் அல்லவா? கப்பல் வேலைக்குப் போய் எட்டு வருஷம் தகவலே இல்லாதவர், மழையில் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றால் யாருக்குத்தான் அழுகை வராது? சந்தோஷக் கண்ணீர் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. அவர் கொத்தமல்லித் தழை சாப்பிடுகிறார்.

மல்லி என்றாலே மூட்டைப்பூச்சியை நசுக்கிய நாற்றம் என்று தட்டைத் தூக்கி எறிந்த மனுஷன் அவர். சூப்பில் ஒரு தழை கிடந்ததற்காக மாதக்கணக்கில் என் முகத்தைப் பார்க்காதவர். அவர் காணாமல் போன பிறகுதான் மாடியில் மல்லித் தொட்டி வைத்தேன். பிறகு புதினா, கற்பூரவல்லி என்று பெருகி, இரண்டு ஓட்டல்களுக்கு நான் தழை கொடுப்பது உனக்குத் தெரியும். இப்போது விடிந்ததும் அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் போய் நிற்கிறார். குனிந்து, முகத்தைத் தழைக்குள் வைத்து, அசையாமல் மூச்சை இழுக்கிறார்.

நேற்று கேட்டேவிட்டேன். "உங்களுக்குத்தான் மல்லி ஆகாதே?"

"யாருக்கு?" என்றார். ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

பாஸ்போர்ட் அவருடையது. முழங்கையில் இன்ஜின் சுட்ட தழும்பு இருக்கிறது. சிரிப்பும் அதே சிரிப்பு. ஆனாலும் என் வீட்டில் இருப்பது என் புருஷன்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வாசனை எண்ணெய்க் கம்பெனியில் முகர்ந்து முகர்ந்தே சம்பளம் வாங்குகிறவன் நீ. என் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. இனி என்னைத் திட்ட அவளுக்கு ஒரு பல் குறைவு.

மாமாவுடையது வெறும் பிடிவாதம் இல்லை, பிறவி மூக்கு. மல்லித் தழையில் ஆல்டிஹைடு என்று ஒரு வகைப் பொருள் இருக்கிறது. மூட்டைப்பூச்சி விடும் நாற்றமும் அதே குடும்பம். சிலர் மூக்கு அதை மட்டும் பூதாகரமாக எடுத்துக்கொள்ளும். விதையின் வாசனை முற்றிலும் வேறு. தனியாப் பொடி போட்டால் அவர் ஒரு குறையும் சொல்லமாட்டாரே, அதனால்தான்.

பயப்பட ஒன்றும் இல்லை. தழையை நன்றாகக் கசக்கிவிட்டால் அந்த நாற்றம் தானாகவே அடங்கிப்போகும். கசக்கித் தின்கிறாரா என்று பார். இல்லையென்றால் ஏதாவது காய்ச்சலில் மோப்பமே போயிருக்கும். புதினாவை நீட்டு. மோப்பம் போனவர்கள் "ஜில்லுன்னு இருக்கு" என்பார்கள், வாசனை சொல்லத் தெரியாது. புதினாவின் குளிர்ச்சி நிஜக் குளிர்ச்சி இல்லை, நரம்பை ஏமாற்றும் வேலை.

வேளைக்குச் சாப்பிடு. கண்டதை நினைத்துக் குழம்பாதே.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

கசக்குவதில்லை. தழையை முழுசாக நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்கிறார்.

மோப்பமும் போகவில்லை. மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டலுக்குத் தழை அறுத்துக்கொண்டிருந்தேன். அவர் கீழ் அறையில் படுத்திருந்தார். "கற்பூரவல்லி" என்று குரல் வந்தது. அறுத்தது அதைத்தான். சற்றுப் பொறுத்து, "அடுத்தது புதினா" என்றார். புதினாவின் மேல் நான் இன்னும் கத்தியை வைக்கவில்லை. அப்படியே எழுந்து நின்றுவிட்டேன்.

தொட்டிகளில் இப்போது ஒரு பூச்சி இல்லை. அசுவினி இல்லை, பட்டாம்பூச்சிகூட இல்லை. வாசனைச் செடிக்குப் பூச்சியை விரட்டும் குணம் உண்டு என்பாய். அவர் வரும்வரை அந்தக் குணம் எங்கே போயிருந்தது?

இன்னொன்று. எனக்குச் சளி பிடித்து நெஞ்சு கட்டிக்கொண்டது. கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து கொண்டுவந்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். கல்யாணமாகி அவர் கப்பலேறும்வரை ஒரு நாள்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது. பயந்துகொண்டேதான் குடித்தேன். சளி கரைந்துவிட்டது.

அக்கா


ஜூன் 27

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். மல்லி தின்னும் ஊரில் வருஷக்கணக்கில் இருந்தால் பிறவி மூக்கும் பழகிவிடும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மைதான். ஆனால் இன்னும் அறுக்காத புதினாவை எந்த மூக்கும் முன்கூட்டியே சொல்லாது.

அந்த ஆல்டிஹைடைத் தனியாகப் பிரித்து எங்கள் ஆய்வு அறையில் ஒரு குப்பியில் வைத்திருக்கிறோம். தழைக்குப் பழகியவர்கள்கூட, நான் பார்த்தவரை, இதை முகர்ந்ததும் தங்களை மறந்து முகம் சுளித்திருக்கிறார்கள். ஒரே முகர்தல் போதும். சுளித்தால் அவர் மாமா. சுளிக்காவிட்டால் அன்றைக்கே போலீசுக்குப் போவோம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை தனி அறையில் தாழ்ப்பாள் போட்டுப் படு. இதை அவரிடம் காட்டாதே.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம்.

உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. படித்த கையோடு அடுப்பில் போட்டேன். இன்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அடுத்த அறையிலிருந்து, "தம்பிக்கா எழுதுற? வர வேண்டாம்னு எழுது. பாவம், அவனுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றார். நீ வருவதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் சொன்னதற்காக நான் எழுதவில்லை என்று சொன்னால் நம்புவாயா? நம்பு.

தாழ்ப்பாள் போடவில்லை. இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. திறந்து வைத்தேன், வந்தது. காலையில் எனக்கு முன்னால் எழுந்து தழைக்கட்டுகளை ஓட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நான் பேசினால் காது கொடுத்துக் கேட்கிறார். அவர் யார் என்ற பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடேதான் சிரிக்கிறேன், சாப்பிடுகிறேன்.

நீ குப்பியை நீட்டி, அவர் முகம் சுளிக்கவில்லை என்றால் வந்தவரை என்னிடமிருந்து கூட்டிப் போய்விடுவாய். சுளித்துவிட்டால் அது அதைவிட மோசம். இவர் அவரேதான் என்றாகிவிடும். இவ்வளவு பிரியத்தையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் என்னை அத்தனை வருஷம் பட்டினி போட்டார் என்றாகிவிடும்.

யாரோ ஒருவரோடு என்னால் இருந்துவிட முடியும், தம்பி. அவரோடு இனிமேல் முடியாது.

அக்கா