பார்க்காமல் படித்த எழுத்துகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், நம் மூக்குக்கண்ணாடிக் கடை சுகம், கடை வாசலில் படுத்துக் கிடக்கும் நொண்டிப் பூனைகூடச் சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இன்று காலை அம்மா உன்னைக் கூப்பிட்டு, உடனே கண் டாக்டரைப் பார், காரணத்தை அப்பா எழுதுவார் என்றாள் அல்லவா, நீயும் நாளைக்கே நேரம் வாங்கிவிட்டாயாம், நல்லது. எழுதி முடித்ததும் இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு மறுபடியும் பொய்தான் வரும், அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

என் வலது கண்ணில் விழித்திரை கிழிந்து பிய்ந்துபோய், நான்கு நாளைக்கு முன்பு அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணில் தூசி, போனில் கேமரா கெட்டுவிட்டது என்று நான் சொன்னதெல்லாம் புளுகு. வெள்ளை விழியில் ஊசிமுனை அளவுக்கு மூன்று துளை போட்டு, உள்ளே இருக்கும் கூழ் போன்றதை வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, பிய்ந்த திரையைச் சுவரில் காகிதம் ஒட்டுகிற மாதிரி படிய வைத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் சுட்டு, கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குமிழிதான் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், அதற்காக ஒரு வாரம் இரவும் பகலும் குப்புறக் கவிழ்ந்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மேசை விளிம்பில் தலையணை வைத்து நெற்றியை முட்டுக்கொடுத்து, கீழே முக்காலியில் தாளை வைத்து இடது கண்ணால் பார்த்து எழுதுகிறேன். இந்தக் கோலத்தில் செய்ய முடிகிற ஒரே வேலை இதுதான். வாயு கரைகிற வரை விமானம் ஏறக் கூடாது, அதனால் அடுத்த மாதம் உன்னிடம் வருவதாக இருந்ததும் போயிற்று.

இதுவரை எழுதியது வியாதி, இனிமேல் எழுதுவது என் யோக்கியதை. கண்ணுக்குள் பூச்சி பறந்தால், ஓரத்தில் மின்னல் அடித்தால், கண்ணாடி மாற்றினால் சரியாகாது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று முப்பது வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களை விரட்டியவன் நான். எனக்கே பூச்சி பறந்தபோது மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்காரனுக்கே கண் போச்சு என்று தெரு சிரிக்குமே என்கிற வறட்டுக் கௌரவம். நான் தடவித் தடவி ஃபிரேம் எடுப்பதைப் பார்த்து அம்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே பரிசோதனை செய்கிற அம்மாள் இடது கண்ணை மூடிவிட்டுப் படிக்கச் சொன்னார். சுவரில் இருந்தது நம் கடையில் தொங்குகிற அதே எழுத்துப் பலகை. நடு வரிக்குக் கீழே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தேன். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கணும் என்றதற்கு, கடையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று நழுவிவிட்டேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் மதியம் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கறுப்புத் திரை ஏறியது. மறுநாள் காலை போனபோது பாதிக் கண் போயிருந்தது. வாசிக்க உதவுகிற நடுப்பகுதியும் பிய்ந்துவிட்டது, முன்பே வந்திருந்தால் அது தப்பியிருக்கும், இனி எவ்வளவு பார்வை திரும்பும் என்று சில மாதம் போனால்தான் தெரியும் என்றார் அறுவை செய்கிற டாக்டரம்மா. என் சீட்டில் கடைசி வரி படித்தார் என்று இருப்பதைப் பார்த்து, இதென்ன பரிசோதனை என்று அந்த அம்மாளை எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அந்த அம்மாளுக்கு. பக்கத்து நாற்காலியில் நான் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தேன் மகளே, ஒரு வார்த்தை பேசவில்லை. கண் போனதைவிட அதுதான் என்னை அரிக்கிறது.

நேற்று கட்டு மாற்றப் போனபோது டாக்டரம்மாவையும் வைத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். கவிழ்ந்திருந்ததால் அந்த அம்மாளின் பழுப்பு நிறச் செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அது என் நாற்காலிக்கு அருகே வந்து நின்றது. பிறகு, "நீங்க போர்டைப் பார்க்காம என் முகத்தைப் பார்த்துப் படிச்சீங்க. அப்பவே சந்தேகம்தான், பெரிய மனுஷன் பொய் சொல்ல மாட்டார்னு விட்டுட்டேன்" என்றார். டாக்டரம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டது காதில் விழுந்தது. நானும் கேட்டேன், அந்த அம்மாள் என் கண்கட்டை மட்டும் வலிக்காமல் மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்டுவிட்டு அழுதாள்.

இதில் நீ எங்கே வருகிறாய் என்று கேட்பாய். போன மாதம் போனில், கம்ப்யூட்டரைப் பார்த்தால் கொசு மாதிரி பறக்குது அப்பா என்றாய். தூக்கம் போதாது, சீக்கிரம் படு என்றேன். அப்போது எனக்கும் பறந்துகொண்டிருந்தது. டாக்டரைப் பார் என்று சொன்னால், உங்களுக்கும் பறக்கிறதா என்று நீ குடைந்துவிடுவாயோ என்று மறைத்தேன். என் மைனஸ் ஒன்பது கிட்டப்பார்வையை உனக்குச் சீதனமாகக் கொடுத்தவன் நான், அவ்வளவு பவர் உள்ள கண்ணுக்கு வருகிற இந்த ஆபத்து உனக்கும் உண்டு என்று தெரிந்தே மறைத்தேன். நேற்று வாய் திறந்தபோதுதான் இதையும் அம்மாவிடம் சொன்னேன். என்னைத் திட்டு, பேசாமல் இரு, எதுவானாலும் சரி, நாளைக்கு மட்டும் போகாமல் இருந்துவிடாதே.

உனக்கு ஏழு வயதில் டீச்சர், பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லியனுப்பினார். கடையிலேயே வளர்ந்தவள் நீ, பலகை முன்னால் நிறுத்தியதும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்பித்தாய். நானும் பூரித்துப்போய், என் மகளுக்குக் கண்ணில் கோளாறே இல்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் சோடாபுட்டி மாட்டினோம். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளையைக் கூட அழைத்துப் போ, சொட்டு மருந்து விட்டால் நாலு மணி நேரம் மங்கலாக இருக்கும். நீயும் அவரும் தீர்க்காயுசாக, கண் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். மறந்துவிடாதே, உட்கார்ந்ததுமே, இந்தப் பலகை எனக்கு மனப்பாடம், வேறு பலகை வையுங்கள் என்று சொல்லிவிடு. அந்த எழுத்துகள் உனக்கு இன்னும் மறந்திருக்காது.

இப்படிக்கு,
உன் அப்பா