மறுவிருந்து

பிப்ரவரி 3, செவ்வாய்

எட்டு மணி வரை பனி. மிளகு காயவில்லை. தார்ப்பாயைச் சுருட்டிப் போட்டுவிட்டு எங்கள் மகளிர் குழுவின் சாமை மில்லுக்குப் போனேன்.

போனில் விமான டிக்கெட் வந்திருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி, திருச்சியிலிருந்து. நான், குப்பாயி, நல்லம்மாள் அக்கா மூவரும். (இனி ந.அ. முழுப் பெயரும் எழுதினால் பக்கம் போதாது.) குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் எழுத ஒன்றும் கிடைக்காமல் அவள் டிக்கெட்டில் ‘நல்லம்மாள் நல்லம்மாள்’ என்று அடித்துவிட்டார்கள். அவளிடம் காட்டினேன்.

“ரெண்டு சீட்டுக் குடுப்பாங்களா சரசு? காலு நீட்டிக்கலாம்.”

பத்து நாள், பாலித் தீவு. எங்கள் குழுவின் சாமையை வாங்கும் கம்பெனி கூட்டிப் போகிறது. தீபாவளி முடிந்து கம்பெனிப் பெண் நிவேதா வந்தபோது சொன்னது: “வருசம் பூரா உழைக்கறீங்க. பத்து நாள் ஓய்வுங்க்கா. எண்ணெய் தேச்சு விடுவாங்க, மூலிகைத் தண்ணில குளிப்பாட்டுவாங்க.” அதற்கு ரிட்ரீட் என்று பெயர். ட்ரீட் என்றால் விருந்து, ரீ-ட்ரீட் என்றால் மறுவிருந்து என்று குப்பாயி அர்த்தம் சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடம் கழித்து அவளுக்கு மறுவிருந்து.

எடுக்க: பிரஷர் மாத்திரை. தைலம். கண்ணாடி டப்பா. ஸ்வெட்டர் வேண்டாமாம், அங்கே வெயில். ஊறுகாய் விடுவார்களா, கேட்க வேண்டும்.

இவர் சொல்கிறார்: “அங்க போயாவது அந்தக் கோவத்தக் கழுவி உட்டுட்டு வா.” மூக்குக்கு மேல் கோபக்காரி என்று எனக்குப் பட்டம் கொடுத்ததே இவர்தான். குழம்பில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான்.

பிப்ரவரி 5, வியாழன்

ந.அ. பச்சை ரவிக்கை தைத்துவிட்டாள். கையை ஏழு தரம் தூக்கிக் காட்டினாள். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன மருமகள் சக்கரம் வைத்த பை வாங்கி வந்திருக்கிறாளாம். அந்த மருமகளா என்று ஆச்சரியம். பாலிப் பயணம் உறுதியான ஒரு மாதமாக மாமியாருக்குத்தான் முதல் சோறு.

சாயங்காலம் நிவேதாவின் மெசேஜ்: ‘அக்கா, உலக்கை ரெண்டு எடுத்துட்டு வாங்க. பழசா இருந்தா நல்லது.’

உலக்கை எதற்கு? பூஜைக்கு இருக்கும் என்றாள் குப்பாயி. ஊர் முழுக்க விசாரித்தோம். மில் வந்து எட்டு வருடம் ஆகிறது, யார் வீட்டில் உலக்கை இருக்கும்?

“எங்கூட்டு உலக்கைய அடுப்புல வெச்சு ஆறு வருசமாச்சு,” என்றாள் ந.அ. “நல்லா நின்னு எரிஞ்சுது. ரெண்டு நாளு சோறு வெந்துச்சு.”

சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. மூத்தவன் பிறந்த ஐந்தாம் நாள் அவளை உரலடியில் நிற்க வைத்தது எனக்குத் தெரியும். அப்போதே அடிவயிறு இறங்க ஆரம்பித்து, கடைசியில் சேலத்தில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, கையை ஓங்கி வேலை செய்யக் கூடாது என்றார் டாக்டர். மில் வந்த அன்று மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தது அவள்தான்.

கடைசியில் பக்கத்து ஊரில் ஒரே ஒரு உலக்கை கிடைத்தது. ந.அ. வீட்டில் சாத்தி வைத்திருக்கிறது. அது எந்தப் பைக்குள்ளும் நுழையாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில். மிளகு ஓரளவு காய்ந்தது. தலைவலி.

நிவேதா பத்து நாள் திட்டம் அனுப்பினாள், எல்லாம் ஆங்கிலம். போனில் போட்டுத் தமிழாக்கினேன். வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

‘காலை 6: அடிக்கும் வட்டம். விருந்தினர் கண் மூடிப் படுத்திருப்பர். மலைப் பெண்கள் அடிப்பர். ஒலியால் குணமாதல்.’

விருந்தாளியை நாங்கள் அடிக்க வேண்டுமா? குப்பாயியிடம் சொன்னால் சந்தோஷமாக அடிப்பாள் என்று தனியாகச் சிரித்தேன். சாயங்காலம் 5 மணிக்கும் அதுவே. பத்து நாளும் அதுவே.

பாத்திரம் கழுவும்போதுதான் உலக்கை ஞாபகம் வந்தது.

அடிப்பது இல்லை, குத்துவது. நாங்கள் சாமை குத்த வேண்டும். அவர்கள் படுத்துக்கொண்டு கேட்பார்கள்.

மறுபடி எடுத்துப் படித்தேன். தங்குமிடம்: விருந்தினர், கடல் பார்த்த அறை. மலைப் பெண்கள், பணியாளர் கட்டிடம். எண்ணெய்த் தேய்ப்பு என்ற இடத்தில் எங்கள் பெயர் இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன். இவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உப்பு இன்று சரியாக இருக்கிறது என்கிறார். போய்யா.

பிப்ரவரி 9, திங்கள்

பேசுகிற அளவுக்குச் சிக்னல் கிடைக்கச் செம்மேடு வரை நடந்தேன். நிவேதா முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அக்கா, அது வேலை இல்லீங்க்கா. நம்ம கல்ச்சர ஷேர் பண்றது.”

“குத்தறது வேலை இல்லியா கண்ணு?”

“ஒரு மணி நேரந்தானுங்க்கா. அந்தச் சத்தம் அவ்வளவு ஹீலிங்கா இருக்குமாம்.”

“யாருக்கு?”

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

“எண்ணெய் தேச்சு உடுவாங்கன்னு சொன்னியே.”

“அது கெஸ்ட்டுக்குங்க்கா. அப்ப எனக்கே சரியாத் தெரியல.” பிறகு மெதுவாக: “பேப்பர்ல எல்லாம் இருந்துச்சுங்க்கா. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க.”

போட்டேன். அன்று அவள் வந்த ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, குழுச் செயலாளர் என்ற இடத்தில், மூவருக்கும் சேர்த்து. ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்த மாதிரி தலையை வேறு ஆட்டினேன். தெரியாது என்று சொல்ல வெட்கம். பத்தாம் வகுப்பு படித்தவள் என்ற பெருமை.

நிவேதா மேல் இருக்கும் கோபத்தைப் போல இரண்டு பங்கு என் மேல். ராசிபுரத்துப் பெண் அவள். அவள் வீட்டில் யாரும் உலக்கை பிடித்ததே இல்லையா?

வரும் வழியில் வாங்கியது: உப்பு, தீப்பெட்டி.

பிப்ரவரி 11, புதன்

நேற்றும் இருவரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்லிவிடுவது என்று போனேன். மில்லில் ந.அ. மட்டும். ஒரு பக்கம் உமி பறக்கிறது, மிஷின் கத்துகிறது. பக்கத்தில் போய்க் கத்தினேன்.

“அக்கா, அங்க போயி நாம...”

“என்ன?”

“நாம விருந்தாளி இல்லீங்க்கா. அவங்க படுத்திருப்பாங்க. நாம சாமை குத்தத்தான் போறம்.”

‘சாமை’ வரைக்கும் மிஷின் ஓடியது. கரண்ட் போய்விட்டது. ‘குத்தத்தான் போறம்’ மட்டும் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. வாசலில் மூட்டையோடு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ந.அ. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உமியைத் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள். துண்டில் உமியே இல்லை.

குப்பாயியிடம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

ந.அ. காலையிலேயே வந்துவிட்டாள். டீ வேண்டாம் என்றாள்.

“போலாம் சரசு.”

“அக்கா?”

“உரல்ல தலையக் குடுத்தாச்சு. உலக்கைக்குப் பயந்தா ஆகுமா? இருவது வருசம் அந்தூட்டுக்குக் குத்துனேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. இவங்க பிளேன்ல கூட்டிக்கிட்டுப் போறாங்க.”

“டாக்டரு என்ன சொன்னாரு?”

“டாக்டரா எனக்கு மொதச் சோறு போடறாரு? வெளிநாட்டுக்குப் போற மாமியான்னு எம் மருமவ பை வாங்கியாந்து வெச்சிருக்கறா. போகலீன்னு அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? நீ கோவப்பட்டுக்கிட்டு இரு சாமி. உனக்கு அது ஆகும். எனக்கு ஆகாது.”

போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு, அவளுக்கும் இவருக்கும் போட்டதையும் சேர்த்து மூன்று டீயையும் நானே குடித்தேன். கம்பெனி மேல் கோபப்படலாம். என் மேல் கோபப்படலாம். அவள் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் பட்டேன்.

பிப்ரவரி 14, சனி

பனி இல்லை. நல்ல குளிர்.

அவள் சமாதானமாகட்டும் என்று ஊறுகாய் எடுத்துக்கொண்டு ந.அ. வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆள் இல்லை. பின்பக்கம் பலா மரத்தடியில் தொப்பு தொப்பு என்று ஒரு சத்தம்.

ஒற்றைக் கையால் உலக்கை. இன்னொரு கை அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. உரலில் சாமை இல்லை, சத்தம் மருமகளுக்குக் கேட்காமல் இருக்கச் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே குத்துகிறாள். முகமெல்லாம் வேர்வை, இந்தக் குளிரில்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“ஒரு மணி நேரம் நிக்க முடியுதான்னு பாத்தேன். பத்து நிமிசந்தான் முடியுது. தெனம் பழகுனா கூடும்.”

உலக்கையைப் பிடுங்கினேன். விடமாட்டேன் என்றாள். இரண்டு கிழடுகள் உலக்கைக்கு இழுபறி. கடைசியில் அவளுக்கு வலி எடுத்து விட்டுவிட்டாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவே நடந்து வந்தேன். யார் யாரோ ஏதோ கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில்தான்.

ஊறுகாய் பாட்டிலை உரல் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

குழுக் கூட்டம். பதினொரு பேரும் வந்தார்கள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: வெளியாரோடு எது செய்தாலும் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்து ரூபாய்க்குத் துடைப்பம் வாங்கினாலும் தீர்மானம் உண்டு. பாலிக்கு மட்டும் எழுதவில்லை. ஜீப்பின் மேல் நான் போட்ட கையெழுத்தோடு சரி. எழுந்து நின்று அதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீர்மானம்:
1. நாங்கள் குத்த மாட்டோம்.
2. விருந்தாளியாகக் கூப்பிட்டால் விருந்தாளியாக வருவோம். எண்ணெய் எங்களுக்கும் தேய்க்க வேண்டும்.
3. சத்தம்தான் வேண்டுமென்றால் எங்கள் மிஷின் சத்தத்தைப் பதிந்து அனுப்புகிறோம். எங்களைக் குணமாக்கிய சத்தம் அதுதான். படுத்துக்கொண்டே கேட்கலாம்.

மூன்றாவது குப்பாயியுடையது. எல்லாரும் சிரித்தார்கள், ந.அ. தவிர. நோட்டு கடைசியாக அவளிடம் போனது. பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“இதுல போட்டா போக முடியாது. அப்பிடித்தான?”

“அனேகமா முடியாதுங்க்கா.”

குனிந்து எழுத்து எழுத்தாகப் போட்டாள். நல்லம்மாள். ஒரு தரம்தான்.

போட்டோ எடுத்து நிவேதாவுக்கு அனுப்பினேன். மில்லைத் திறந்து ஓட்டிப் பதிந்த மிஷின் சத்தமும் நான்கு நிமிடம்.

பிப்ரவரி 18, புதன்

மிளகு மூட்டை கட்டினோம். தோள் வலி.

பதில் வந்தது: ‘புரிஞ்சுக்கறோம் அக்கா. உங்க டிக்கெட் கேன்சல் பண்ணியாச்சு. வேற மலையில இருந்து ஒரு டீம் வர்றாங்க.’ கடைசியில் கும்பிடும் கை.

வேறு மலை. அங்கேயும் ஒருத்தி ரவிக்கை தைத்திருப்பாள். அந்த ஊர் எது, போன் நம்பர் கொடு என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன். பார்த்துவிட்டாள் என்று மட்டும் காட்டுகிறது.

ந.அ.-விடம் சொன்னேன். “அவங்களுக்காவது ஒடம்பு நல்லாருக்கட்டும்,” என்றாள். எனக்கு அந்த நல்ல மனசு வராது. வரவும் வேண்டாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று விமானம். நல்ல வெயில்.

ஞாயிறு மில் கிடையாது. வீட்டில் இருக்க முடியாமல் போய்த் திறந்தேன். குப்பாயியும் வந்தாள். பத்து மணிக்கு ந.அ. வந்தாள், பச்சை ரவிக்கை போட்டுக்கொண்டு. சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், உள்ளே சாமை.

“வீணாவா போகோணும்,” என்றாள்.

காலையில் சோறு யார் போட்டது என்று குப்பாயி கேட்டுவிட்டாள். “நானே போட்டுக்கிட்டேன்.” பையைத் திறந்து சாமையை அள்ளத் தொடங்கினாள்.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டு வந்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டு ந.அ. முதுகில் தேய்த்தேன். எனக்குத் தேய்க்கத் தெரியாது, ரவிக்கையெல்லாம் எண்ணெய். மெதுவா, மெதுவா என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சாக்கு மேல் படுத்தாள். குப்பாயி படுத்தாள். நானும் படுத்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு பொட்டும் குறையவில்லை. ஆனால் மூன்று பேரும் படுத்திருந்தோம். யாரும் குத்தவில்லை.

2.10-க்குக் கரண்ட் வந்தது.