காது கேளாதவர்கள் தேர்ந்தெடுத்த சைலன்சர்

ஆகஸ்ட் 17

காலையில் காப்பிக் கோப்பையோடு சவுனா என்னும் நீராவிக் குளியல் அறைக்குப் பின்னால் நின்றிருந்தோம். "அந்தப் பொடிக் குருவி ரொம்ப நேரமா கத்துதே, அது என்ன?" என்றான் இல்போ. என் கணவன். காக்கையையும் மரங்கொத்தியையும் குழப்பிக்கொள்பவன்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. தற்செயலாகத் தலையைத் திருப்பினேன். வலது காது மரத்தின் பக்கம் வந்ததும், ஊசி முனையால் கண்ணாடியைக் கீறுவது போல ஒரு சத்தம். பொன்னுச்சிக் குருவி. ஐந்து கிராம் எடை, காட்டிலேயே மெல்லிய குரல்.

இருபது வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் காட்டுக்குள் நேர்கோட்டில் நடந்து, கேட்கும் குரல்களை வைத்துப் பறவைகளை எண்ணுகிறேன். அதற்குத்தான் பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் தருகிறது. இடது காதில் இந்தக் குருவி இல்லை.

"பொன்னுச்சி" என்றேன், முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவள் போல.

ஆகஸ்ட் 24

காது பரிசோதனை. வரைபடத்தில் இடது காதின் கோடு ஒழுங்காக வந்து கடைசியில் பள்ளத்தில் விழுகிறது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றாள் பரிசோதித்த பெண்.

"பறவை எண்ணுறேன்."

"வேற?"

"அக்டோபர்ல மூஸ் மான் வேட்டைக்குப் போவேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வலது தோளில் துப்பாக்கியை வைத்தால் இடது காதுதான் குழல் முனையைப் பார்க்குமாம். போனது திரும்பாது. "வேட்டைய விட்டுடுங்க. முடியாதுன்னா துப்பாக்கிக்கு நல்ல சைலன்சர் போட்டு, காதையும் மூடிக்குங்க. நவம்பர்ல திரும்ப வாங்க. கோடு இன்னும் கீழ போயிருந்தா, எண்ணுற வேலைய மறந்துட வேண்டியதுதான்."

ஆகஸ்ட் 25

வேட்டையை விடுவதாக இல்லை. இந்த ஊரில் நான் சேர்ந்திருக்கும் ஒரே கூட்டம் அது. அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் சேர்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 2

கடைக்குப் போனேன். சைலன்சரில் மூன்று வகை. குழல் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டீல்: கனம், நீளம், உழைக்கும். டைட்டானியம்: எடை இல்லை, விலை உண்டு. மூன்றாவது, குழலின் மேலேயே பின்பக்கம் வரை உறைபோல வருவது: நீளம் குறைவு.

"இது முப்பது டெசிபல் குறைக்கும்" என்றான் கடைக்காரன்.

"மைக்கை எங்க வச்சு அளந்தாங்க? குழல் முனையிலயா, சுடுறவங்க காதுப் பக்கத்துலயா?"

அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காப்பி குடிக்கிறீங்களா?" என்று உள்ளே போனான். வரவே இல்லை. காப்பியும் வரவில்லை.

செப்டம்பர் 5

வேட்டைக் குடிசையில் கூட்டம். டிவியின் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

குழுவின் தலைவர் தைஸ்தோவிடம் யோசனை கேட்டேன். அதுதான் தவறு. நான் முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து அவருக்கு நான் டாக்டரம்மாதான். முழங்கால் வலிக்கு என்னிடம் மருந்துகூடக் கேட்டிருக்கிறார்.

"ஸ்டீல் வாங்கு, டாக்டரம்மா. என்னோடத பாரு, பன்னெண்டு வருஷம். சுட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்."

"அது சைலன்சரா? அடுப்புப் புகைக்குழாய்!" இது பக்கத்துப் பண்ணை ரெய்யோ. "டைட்டானியம் வாங்கு. பஞ்சுல சுட்ட மாதிரி இருக்கும்."

"என்ன?" என்றார் தைஸ்தோ.

"பஞ்சு!"

"கத்தாதய்யா, நான் என்ன செவிடா?"

சத்தம் குறைவு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டாவது முறை, உரக்க. இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்: "கேட்டாலே தெரியுதே!"

செப்டம்பர் 6

கேட்டாலே தெரியுமாம். யாருக்கு?

செப்டம்பர் 16

சரளைக் குழியில் பரிசோதனை. என் துப்பாக்கிக் குழலின் முனையில் சைலன்சரைத் திருகி மாட்டுவதற்குப் போன வாரம்தான் மரை வெட்டி வாங்கினேன். தைஸ்தோவின் ஸ்டீல், ரெய்யோவின் டைட்டானியம், கடையிலிருந்து இரவலாக வந்த உறை வகை — மூன்றும் அதே மரையில் பொருந்தின. ஆண்கள் இருவரும் காதுமூடி போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நான்கு முறை சுடுவேன். எது அமைதி என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். எதை எப்போது மாட்டுவது என்று இல்போ சீட்டுப் போட்டான்.

நான்காவது? ஒன்றும் மாட்டாத வெறும் குழல். அதை நான் சொல்லவில்லை.

வெறும் குழலில் சுட்டபோது காருக்குள் இருந்த இல்போ காப்பியை மடியில் கொட்டிக்கொண்டான். தைஸ்தோ அசையவே இல்லை. தலையை மெல்ல ஆட்டி ரசித்தார்.

பிறகு கார் மூடியின்மேல் அரிசி வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரங்களைப் பரப்பிவைத்து முடிவுகளைப் படித்தேன். ரெய்யோ தன் டைட்டானியத்துக்கு மூன்றாம் இடம் கொடுத்திருந்தான். அதற்குக் கீழே வெறும் குழல் மட்டும். உறை வகைக்கு முதலிடம். தைஸ்தோவின் முதலிடம் — வெறும் குழலுக்கு.

"அது என் ஸ்டீலுதான்" என்றார். "கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்."

அவருடைய காதுமூடியை வாங்கிப் பார்த்தேன். பேட்டரியில் ஓடுவது. சின்னச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும், வெடிச் சத்தம் வந்தால் அந்தக் கணமே அடைத்துக்கொள்ளும். அதைப் போட்டிருப்பவருக்கு எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுதான். விளக்கினேன்.

தைஸ்தோ வெகுநேரம் பணியாரத்தை மென்றார். "அப்ப இத்தனை வருஷமா நான் புகழ்ந்தது காதுமூடியையா?"

ரெய்யோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அடுப்புப் புகைக்குழாய்க்குப் பேட்டரி போட்ட ஒரே ஆளு நீதான்யா!"

"நீ உன் புள்ளைக்கே மூணாவது ராங்க் போட்டவன். பேசாத."

செப்டம்பர் 17

இரண்டே பேர், ஆளுக்கு நான்கு வெடி. ஒரு மாணவர் இப்படி ஒரு கட்டுரை கொடுத்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

உறை வகையையே வாங்கினேன். அடர்ந்த மரங்களுக்குள் கிளையில் சிக்காது, தோளில் உதைப்பதும் குறைவு. சத்தத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் காதும் இந்த வழக்கில் ஒரு கட்சி.

செப்டம்பர் 23

சைலன்சர் மாட்டினால் குண்டு கீழே போகிறது. துப்பாக்கியின் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்தேன். இப்போது நடுவில் படுகிறது.

அக்டோபர் 14

முதல் நாள் வேட்டை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். சுட்டவர் தானாகச் சொல்வதில்லை. வெடி கேட்டதும் தலைவர் வாக்கி டாக்கியில் "யார் சுட்டது?" என்பார். "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னால் தற்பெருமை.

நாய் குரைத்துக்கொண்டே என் பக்கம் ஓட்டி வந்தது. பெரிய ஆண் மூஸ். காதுமூடியைக் காதின்மேல் இழுத்துவிட்டு ஒரு முறை சுட்டேன். நான்கு எட்டு வைத்து விழுந்தது.

யாரும் கேட்கவில்லை.

காத்திருந்தேன். நானே எப்படிச் சொல்வது? வாக்கி டாக்கியில் ரெய்யோ, ஃப்ளாஸ்கை யார் வண்டியில் வைத்தோம் என்று கேட்டான். இன்னொருவர் மழை வருமா என்றார். மூஸ் கிடக்கிறது, நான் நிற்கிறேன், நாய் என்னையே பார்க்கிறது. அதற்குக்கூட வெட்கமாக இருந்திருக்கும்.

கடைசியில் பொத்தானை அழுத்தினேன். "யாருக்காவது வேற வேலை இல்லேன்னா... இந்தப் பக்கம் வரலாம்."

"ஏன், என்னாச்சு?" தைஸ்தோ.

"ஒரு மூஸ் கிடக்கு."

"யார் சுட்டது?"

அப்பாடா. "நான்தான்."

ரெய்யோவுக்கு ஏதோ படாரென்று கேட்டதாம், கிளை முறிந்தது என்று நினைத்தானாம். தைஸ்தோ பேட்டரிக் காதுமூடிமேல் கோபித்துக்கொண்டு அதை வீட்டில் வைத்துவிட்டுச் சாதாரணமானதைப் போட்டு வந்திருந்தார். அவருக்கு நாய் குரைத்ததே கேட்கவில்லை.

"இனிமே சுட்டவங்களே சொல்லிடணும்" என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆடையை அவிழ்க்கச் சொன்னது போல.

கொட்டகையில் தோல் உரிக்கும்போது என் அருகே வந்து, குரலைத் தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தக் காது டாக்டரு எங்க இருக்காரு?"

"யாருக்கு?"

"நாய்க்கு."

விலாசம் கொடுத்தேன். அவருடைய ரகசியம் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கக்கூடியவர்களுக்கு.

நவம்பர் 21

காதைப் பரிசோதித்த அந்தப் பெண் இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு கோடுகள், ஒரே கோடாகத் தெரிந்தன. "எதுவும் குறையல" என்றாள். "ஜூன்ல போய் எண்ணுங்க. வலது காத முன்னால வச்சுக்குங்க."

வெளியே வந்தேன். காத்திருப்பு அறையின் பெஞ்சில் தைஸ்தோ. ஒரு இடம் விட்டு ரெய்யோ. இன்னொரு இடம் விட்டுக் குழுவில் மேலும் இரண்டு பேர். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். நானும் யாருக்கும் வணக்கம் சொல்லாமல் மேல்கோட்டை மாட்டிக்கொண்டேன்.

நர்ஸ் கதவைத் திறந்து தைஸ்தோவின் பெயரைக் கூப்பிட்டாள். நான்கு பேரும் அசையவில்லை. உரக்கக் கூப்பிட்டாள். ரெய்யோ அவளைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தான்.

போய் தைஸ்தோவின் தோளைத் தொட்டேன். "உங்களத்தான் கூப்பிடுறாங்க."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றபடி எழுந்தார்.