சமாளிச்சாச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மற்றதைப் போனில் சொல்ல முடியாது, உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நீ கேட்டதும் "எல்லாம் சமாளிச்சாச்சும்மா" என்பார், நீயும் நிம்மதியாக வைத்துவிடுவாய். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்ன சமாளித்தார் தெரியுமா, போன வருடம் தக்காளிக்கு நல்ல விலை என்று இந்த முறை தெருவே தக்காளி நட்டது, இவரும் நட்டார். பாதி நிலத்தில் வேறு ஏதாவது போடலாம் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. பறிக்கிற கூலிக்குக்கூட விலை வரவில்லை, கடைசியில் மாட்டுக்குக் கொட்டினால் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நஷ்டத்தைச் சமாளிக்கக் கிணற்று மோட்டாரை விற்றார். "கெணறே வத்திக் கெடக்கு, மோட்டாரு யாருக்கு" என்று பெரிய கெட்டிக்காரர்போல என்னையே கேட்டார். பிறகு வரக்கூடாத மாதத்தில் மழை கொட்டிக் கிணறு நிரம்பியது, அதோடு மழை நின்றுபோனது. இப்போது மிளகாய் நட்டிருக்கிறோம், கிணறு நிறையத் தண்ணீர் இருக்க, பக்கத்திலேயே செடி வாடுகிறது. இரண்டு பேரும் குடத்தில் சேந்தி ஊற்றுகிறோம், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நான் திட்டிக்கொண்டு. நஷ்டத்தைக் கணக்கெடுக்க வந்த ஆபீசரிடமும் சமாளிச்சாச்சு என்றே சொன்னார், அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது மேட்டு நிலத்தை விற்று மோட்டார் வாங்கப் போகிறாராம். அடுத்த வருடம் கிணறு வற்றினால் மோட்டாரை விற்று நிலம் வாங்குவாரோ என்னவோ. மழையும் மார்க்கெட்டும் நம் பேச்சைக் கேட்காது, வீட்டு மனுஷனாவது கேட்க வேண்டாமா. நிலம் என் பெயரிலும் இருக்கிறது, செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, சாப்பாடு மட்டும் இறங்குகிறது. நீ பணம் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடாமல் "எதை வித்துப்பா?" என்று கேள். நான் கேட்டால் சண்டை, நீ கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. போன வாரம் வேலை எப்படி என்று கேட்டதற்கு நீயும் சமாளிச்சாச்சும்மா என்றாய், அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. நீ எதை விற்றாய் என்று எனக்கு மட்டும் எழுது.

கோபத்தோடும் ஆசீர்வாதத்தோடும்,
அம்மா