சீட்டில் இருந்த வயது

சதுரங்கப்பட்டினம்,
ஞாயிறு.

அன்புள்ள மகள் சிநேகாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நாங்கள் மூவரும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி ஜெரோம் இப்போது நன்றாகத் தூங்குகிறான், காதில் கேட்கும் குரல்கள் எப்போதாவதுதான் வருகின்றன என்கிறான். அவனை இந்த அளவுக்குக் கொண்டுவந்த செங்கல்பட்டு இளைஞர் மனநல மையத்தை மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வருஷம் விடாமல் பார்த்தால் பிள்ளை படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப வாய்ப்பு அதிகம் என்று மையத்து டாக்டர் வசுமதி சொல்லியிருந்தார். அதில் ஏழு மாதத்தை உன் மாமா ஞானதாஸ் பேய் என்று சொல்லி உபவாச ஜெபத்தில் கழித்தார், சாகும்வரை அதை மன்னிக்க மாட்டேன். ஆனால் நான் செய்ததையும் உன்னிடம் மறைத்துவிட்டேன். அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் பயிற்சி வேலைக்கு அவன் விண்ணப்பித்திருந்தான் அல்லவா, மனநோய் என்று எங்காவது பதிவானால் மெடிக்கல் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, மையத்து நோயாளிச் சீட்டை என் பெயரில், என் வயதில் எழுதச் சொன்னேன். டாக்டர் கோபப்பட்டார், இல்லாவிட்டால் பிள்ளையை அழைத்து வரவே மாட்டேன் என்றேன். நர்ஸ் கண்ணகி அவனைப் பார்க்கும்போதெல்லாம், இன்னா சார், அம்பத்திரண்டு வயசாவுது, இன்னும் மீசையே சரியா மொளைக்கலயே என்பாள், அவனும் சிரிப்பான். கருங்குழிக்காரர் ஒருவர் மகளின் சீட்டில் தன் மனைவி பெயரைக் கொடுத்திருந்தார். எங்களைப் போல இன்னும் எத்தனையோ பேர்.

இப்போது மையத்துக்கு நிதி கொடுத்த அறக்கட்டளை பதிவேட்டைப் பார்த்திருக்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் பதினொரு பேர்தான். உட்கார இடமில்லாமல் வராந்தாவில் நின்ற பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்தவன், ஏட்டில் இருந்ததோ அப்பாக்களும் அம்மாக்களும். இளைஞர்கள் வரவில்லை என்று நிதியை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷம் ஊரையெல்லாம் ஏசினேன், இதற்கு யாரை ஏசுவது.

செவ்வாய்க்கிழமை பெற்றோர் சிலர் அறக்கட்டளைக்கு மனு கொண்டுபோகிறோம், அதில் பிள்ளைகளின் உண்மைப் பெயர் வேண்டும். ஜெரோமிடம் கேட்பதை மூன்று நாள் தள்ளிப்போட்டேன். கேட்டதும், எம் பேரையே போடு நைனா, நான்தான வந்துகினு இருந்தேன், நீ நல்லாத்தான கீறே என்றான். பிறகு பேனாவை வாங்கி அவனே எழுதினான், ஜெரோம், வயது இருபது. மருந்தால் எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. அவர்கள் மனம் மாறுவார்களா தெரியாது. அந்த வேலை போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்கிறேன், மனசு ஆறவில்லை.

சனிக்கிழமை போன் செய்யும்போது அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்காதே. மாமாவிடம் எதையும் சொல்லாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். என் பெயரில் உள்ள சீட்டை மனுவோடு இணைத்துவிட்டேன், நான் ஒரு நாளும் அங்கே நோயாளியாக இருந்ததில்லை என்று அதன் கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உன் அப்பா,
கிருபாகரன்.