பட்டாளத்துச் சக்களத்தி

இன்று காலை சரவணன் உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்து, காலுக்குப் போடும் பவுடர் டப்பாவை வெளியே எடுத்துவிட்டான். ஆலங்காயம் ரோட்டில் ஓடிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்துகொண்டு, விரல் இடுக்கெல்லாம் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. சாமைச் சோறு கிண்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும் வாசனை அது. அது வந்தாலே எனக்கு வயிறு எரியும். இன்றும் எரிந்தது. போய்ச் சேர்ந்து வருஷம் கழிந்த மனிதர் மேல் இன்னும் எரிச்சல் படுகிறாளே என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்கிறான். ஆபீஸ் வேலை, டிரைவர் வேலை எல்லாம் வேண்டாமாம். அப்பா மாதிரி துப்பாக்கி தூக்கி நடக்கிற காலாட்படைதான் வேண்டுமாம். நான் சரி என்றால்தான் போவானாம். நல்ல பிள்ளை. பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு அவன் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான். எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

மற்ற பட்டாளத்துக்காரர்களின் பெண்டாட்டிகள் குண்டுக்குப் பயப்படுவார்கள். எனக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. உங்கள் சர்வீஸ் முழுக்கச் சண்டை என்று ஒன்று வரவே இல்லை. எனக்கு இருந்தது வேறு. உங்களுக்கே தெரியும், அது பொறாமைதான். அதற்குப் பெயர் ஓபுலேசு.

பட்டாளத்தில் ஒருவனுக்கு ஒருவன் என்று ஜோடி சேர்த்துவிடுவார்களாம். சாப்பாடு, தூக்கம், காவல், காய்ச்சல் எல்லாம் அந்த ஜோடியோடுதான். அனந்தபூர் பக்கத்து ஓபுலேசை உங்களோடு சேர்த்துவிட்டார்கள். நான் கழுத்தை நீட்டுவதற்கு முன்பே உங்களுக்கு ஜோடி சேர்த்தாயிற்று. அப்படிப் பார்த்தால் நான்தான் இரண்டாம் தாரம்.

நீங்கள் லீவில் வந்தால் ஓபுலேசு வீட்டு வேர்க்கடலை உருண்டையும் கூடவே வரும். நான் டீ போட்டுக் கொடுத்தால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஓபுலேசு இஞ்சி தட்டிப் போடுவான்மே, தொண்டைக்கு எதமா இருக்கும்" என்பீர்கள்.

"அப்ப அவரு வூட்டுக்கே போய் டீ குடிச்சிட்டு வர்றதுதானே" என்பேன்.

"அவன் வூட்டுல அவன் எங்க கீறான்? எங்கூட இல்ல கீறான்" என்பீர்கள், ஏதோ பெரிய நியாயம் பேசுகிற மாதிரி.

அந்தக் காலத்தில் நம் மலை வீட்டில் போன் பேச டவர் கிடைக்காது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறி நின்று உங்கள் நம்பரைப் போடுவேன். எடுப்பது ஓபுலேசாக இருக்கும். "வதினா, அவன் துணி அலசறான். பையனுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்பார். வதினா என்றால் தெலுங்கில் அண்ணி. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது என் மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். அண்ணி என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது? போனை வைத்துவிட்டுப் பாறையிலிருந்து இறங்கும் வரைக்கும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வருவேன். சக்களத்தி என்று நான் பெயர் வைத்ததை உங்களிடம் சொன்னபோது, அதை அவரிடமே சொல்லி இரண்டு பேருமாகச் சிரித்திருக்கிறீர்கள். அதற்கும் எரிந்தது.

"அப்படி இன்னாதாங்க பண்றீங்க அங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நிக்கறோம்" என்றீர்கள். "நடக்கறோம். புல்லு வெட்றோம். கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கறோம். மறுபடியும் நிக்கறோம்."

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருத்தன் உங்களை மடக்கி, "மிலிட்டரி, எத்தினி பேர சுட்ட?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "குறி பாக்க நட்ட அட்டையத்தான் சுட்டேன், நெறைய சுட்டேன்" என்றீர்கள். கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். புளி மூட்டையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சண்டையாவது நடந்திருந்தால் நாட்டுக்காகப் புருஷனை விட்டுக்கொடுத்தேன் என்று நானும் மார் தட்டியிருப்பேன். கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கவா உங்களை விட்டுக்கொடுத்தேன்? அதை நம் காட்டில் இருக்கிற கல்லுக்கு அடித்திருக்கக் கூடாதா? ஒன்றுமே நடக்காத ஒரு பட்டாளத்துக்கு என் இளமையைக் கொடுத்தேன் என்பதுதான் என் கணக்கு.

பென்ஷனோடு வந்து சேர்ந்தபோது, இனி இந்த ஆள் முழுசாக எனக்கு என்று நினைத்தேன். அந்தப் புளி உலுக்கும் பருவத்தில், பொழுது சாய நான் மூட்டையை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் நீங்கள் எதிரே வந்து குந்துவீர்கள். "காலைக் காட்டுமே" என்பீர்கள். புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவதா? அதுவும் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது?

"சீ, வுடுங்க. பாவம் புடிக்கும்" என்று காலை இழுத்துக்கொண்டேன்.

நீங்கள் விடவில்லை. பாதத்தைத் திருப்பி, வெடிப்பைப் பார்த்து, முள்ளைத் தடவிப் பார்த்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "ஓபுலேசு ஒரு நாளும் இப்பிடி இழுத்துக்க மாட்டான்" என்றீர்கள்.

அங்கேயும் வந்துவிட்டார் பாருங்கள். "அப்ப போய் அவரு காலையே புடிங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். நீங்கள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தீர்கள். மறுநாளும் "காலைக் காட்டுமே" என்றுதான் வந்தீர்கள். கடைசி வரைக்கும் அதை விடவில்லை. சின்னத்தாயி மலை முழுக்கச் சொல்லி வைத்தாள். இன்றைக்கு நீங்கள் வந்து உட்கார்ந்தாலும் நான் காலை இழுக்கத்தான் செய்வேன், நீங்களும் விடமாட்டீர்கள்.

அடுத்த புளிப் பருவத்தில் மரத்தடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஜீப்பில் உங்களை மடியில் போட்டுக்கொண்டு மலையிறங்கினோம். ஆலங்காயம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. இதைப் பற்றி அதிகம் எழுத என்னால் ஆகாது.

ஓபுலேசு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். வந்ததும் உங்கள் கால்மாட்டில் விழுந்து, என்னைவிடச் சத்தமாக அழுதார். கட்டின பெண்டாட்டி நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், சனமெல்லாம் அவரைத்தான் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது உறைத்தது. என் இடத்தில் வேறு ஒருத்தர் அழுகிறார் என்றுதான் தோன்றியது.

போன மாதம் உங்களுக்கு வருஷம் கும்பிட்டோம். இந்த முறை அவர் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். பெயர் லட்சுமிதேவி. எனக்குத் தெலுங்கு அரைகுறை, அவளுக்குத் தமிழ் சுத்தமாக வராது. வந்தவள் உங்கள் படத்துக்கு முன்னால் கைகட்டி நின்று ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மீ ஆயனே நா சவதி" என்றாள்.

ஓபுலேசுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர்தான் இவளுக்குச் சக்களத்தியாம் வதினா. எங்க வீட்ல இதே பேச்சுதான், எப்பவும்" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று. நான் டீ போட்டால் இஞ்சி என்பீர்கள். அவள் களி கிண்டினால், ஜவ்வாது மலைச் சாமைச் சோறு மாதிரி வருமா என்பாராம் அவர். அவளும் எத்தனை தட்டை வேகமாகக் கீழே வைத்திருப்பாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உங்களையும் அவரையும் ஆளுக்கொரு பாஷையில் கரித்துக் கொட்டினோம். எல்லாம் புரிந்தது.

சாப்பாடு ஆன பிறகு சரவணன்தான் ஆரம்பித்தான். "சித்தப்பா, நானும் இன்ஃபான்ட்ரிக்குப் போலாம்னு கீறேன். எல்லாரும் வேஸ்ட்டுன்றாங்க. சண்டையே இல்லாதப்ப அங்க போய் இன்னா பண்றதுன்றாங்க. நீங்க சொல்லுங்க."

என் மனசில் இருந்த கேள்வியும் அதுதான். எல்லையைக் காத்தோம், அதனால் நீங்கள் தூங்கினீர்கள் என்று ஏதாவது பெரிய பேச்சாகப் பேசட்டும், பதிலுக்குப் பேசலாம் என்று காத்திருந்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"மேலே பனி போஸ்ட்ல இருந்தோம்" என்றார். "எதிரி ஒருத்தனையும் பாக்கல. பனி மட்டும்தான். சாயங்காலம் ஆனா சாக்ஸ் கழட்டி, ஒருத்தன் காலை ஒருத்தன் பாக்கணும். தன் காலைத் தானே பாத்தா எவனா இருந்தாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லிருவான், அதுக்குத்தான் அந்த ரூல். ஒரு நாள் என் விரல் எல்லாம் வெள்ளையா போயிருச்சு. எனக்கே தெரியல. உங்க அப்பன் பாத்துட்டான். சட்டையைத் தூக்கி, என் ரெண்டு காலையும் அவன் வயித்துல வெச்சு அமுக்கிட்டான். அவனுக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. நடுங்கறான், திட்றான், ஆனா விடல. விரல்ல வலி வந்து நான் கத்தற வரைக்கும் விடல."

சொல்லிவிட்டு வேட்டியை ஒதுக்கிக் காலை நீட்டினார். "எண்ணிக்கோ. பத்தும் இருக்கு. எங்க சர்வீஸ்ல நடந்தது இதுதான் சரவணா. ஒரு மனுசன் ஆயுசைக் கொடுக்கிற அளவுக்கு இது வொர்த்தான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? என் காலு. நான் வொர்த்துன்னுதான் சொல்லுவேன்."

இந்தக் கதை முன்பே தெரிந்த லட்சுமிதேவி மட்டும் அந்தக் காலைப் பார்க்காமல் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உங்கள் வயிறு அங்கே இருக்கிற மாதிரி.

"அப்ப இன்னா திட்டுனாரு?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"வேற என்ன வதினா, உங்க பேச்சுதான். 'உன் கால் போய்ட்டா என் பொண்டாட்டிக்கு யார்டா பதில் சொல்றது? ஒரு டீயை ஒழுங்காக் குடிக்காததுக்கே அவ மூணு நாள் பேச மாட்டா. பெரிய மனுசி, அவளுக்குப் பொய் சொன்னா புடிக்காது'ன்னு. அந்தப் பனி மலையில எல்லாருக்கும் உங்களைத் தெரியும்."

பெரிய மனுசி என்று நீங்கள் ஒரு நாளாவது என் முகத்துக்கு நேரே சொன்னதுண்டா? என்னைப் பற்றிய நல்ல வார்த்தைகூட அவர் காதில்தான் விழுந்திருக்கிறது. அவருக்குச் செய்ததைத்தான் பிறகு எனக்கும் செய்தீர்கள் என்று இப்போது புரிகிறது. புரிந்ததும் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னார்கள்? எனக்கு முதலில் செய்திருக்கலாம்.

அன்றிலிருந்து சரவணன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லக் காரணம் நிறைய இருக்கிறது. இப்போதெல்லாம் நாலு வருஷம்தானாம்; அதன் பிறகு எல்லோரையும் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். உங்களுக்குப் பதினேழு வருஷம் கொடுத்தார்கள், இவனுக்கு நாலில் என்ன ஒட்டும்? திருப்பத்தூரில் கடை வைத்துத் தரலாம். சாமைக்காடு இருக்கிறது. எல்லாவற்றையும் மனசில் வரிசையாக வைத்துக்கொண்டுதான் இன்று காலை அவன் எதிரே போய் உட்கார்ந்தேன்.

குதிகால் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. "இன்னாடா இது?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றான்.

நான் கையை நீட்டினேன். அவன் காலை மடக்கி அடியில் போட்டுக்கொண்டான். "வுடும்மா. அம்மா போய் பையன் காலைப் புடிச்சிக்கினு" என்று சிணுங்கினான். வளர்ந்த பிள்ளை அம்மாவுக்குக் காட்டமாட்டான். நாளைக்கு ஒருத்தி வந்தால் அவளுக்கும் காட்டமாட்டான். அவளும் இழுத்துக்கொள்கிற ஆளாகத்தான் இருப்பாள். ஒண்ணுமில்லை என்று அவன் சொல்வதை நம்பாத ஒரு ஆள், அந்தப் பட்டாளத்து ஜோடியை விட்டால் உலகத்தில் வேறு எங்கே கிடைப்பான்?

"போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பாமல் இரண்டு தரம் கேட்டான். நாட்டுக்காக அனுப்புகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. பெருமையாகவும் இல்லை. பயமாகக்கூட அவ்வளவு இல்லை. எனக்கு இருப்பது அந்தப் பழைய எரிச்சல்தான், இப்போது வேறு ஆள் மேல்.

எங்கோ ஒரு ஊரில், எனக்குத் தெரியாத பாஷை பேசுகிற ஒரு வீட்டில், இந்நேரம் ஒரு பையன் எழுந்து ஓடிப் பழகிக்கொண்டிருப்பான். அவன் பெயர் தெரியாது, முகம் தெரியாது. என்னிடம் காட்டாத காலை என் பிள்ளை அவனிடம் காட்டுவான். அவன் மேல் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது. அவன் நல்லவனாக இருக்கட்டும்.